பெருக்கல் பத்து

அறுபத்தெட்டு புள்ளி இரண்டு என்று டைப் செய்தது நான்தான் அண்ணே. என் விரல்தான். வெப்சைட் மேல் தப்பு, சர்வர் மேல் தப்பு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்குப் பொய் பேச வராது. ஸ்கூலில் வாத்தியார்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகாததே அதனால்தான்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ‘என்னப்பா, ஃபைலைக் கட்டிப்புடிச்சிக்கிட்டு ஒரு மாதிரி இருக்க’ என்று கேட்டீர்கள். ஒரு மாதிரியெல்லாம் இல்லை. ஜன்னல் காற்று கண்ணில் அடிக்கிறது. நீங்கள் மிக்சியை மடியில் வைத்திருக்கிறீர்கள், நான் ஃபைலை வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்குள் இருப்பது எங்கள் அக்காவின் ஒரிஜினல் மார்க் ஷீட். எம்.எஸ்ஸி. காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பீரோவைத் திறந்து எடுத்தேன். கேட்கவில்லை. இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு இதை அவள் துறையூரில் ஒரு தனியார் ஸ்கூலில் கொடுத்துவிட்டு டீச்சராகச் சேர வேண்டும். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் இதை அவள் திருச்சியில் ஒரு ட்ரஸ்ட் ஆபீசில் காட்டினால் பிஎச்.டி.க்கு உதவித்தொகை கிடைக்க வழியிருக்கிறது. முதல் விஷயம் அவளுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது நாளாகத் தெரியும்.

இருங்கள், போன். ... ஒன்றுமில்லை, கம்பெனிக்காரன். லோன் வேண்டுமா என்று கேட்பான்.

என் பெயர் தீனதயாளன். தீனா என்பார்கள். பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டேன். துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆன்லைன் சென்டரில் வேலை. பான் கார்டு, சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப், கவர்மென்ட் பரீட்சை எல்லாம் போடுவேன். ஒரு அப்ளிகேஷனுக்கு நாலு நிமிஷம். எங்கள் ஓனருக்கே பத்து நிமிஷம் ஆகும். கூட்டம் என்னிடம்தான் நிற்கும். நான் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், அதுவும் ஜனங்களுக்குப் பிடிக்கும் போல. முப்பத்தெட்டு பர்சன்ட் வைத்துக்கொண்டு பெரிய வேலைக்குப் போட வந்தால், ‘காசு வேஸ்ட்ணே, போய் டீ குடிங்க’ என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். சிலர் திட்டுவார்கள். திட்டட்டும். உண்மைதானே.

அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். ‘ஏழு புள்ளி மூணு ரெண்டு பாயின்டுக்கு எவன்க்கா பணம் குடுப்பான்?’ என்றேன். அவள் கோபப்படவில்லை. ‘எழுபது பர்சன்டுக்கு மேல இருந்தா ட்ரஸ்ட்காரன் இன்டர்வியூவுக்குக் கூப்புடறான்டா. உள்ள மட்டும் விடட்டும், நான் பேசிக்கறேன்’ என்றாள்.

பேசிவிடுவாள் அண்ணே. பவதாரணி என்று அவள் படித்த காலேஜில் கேட்டுப் பாருங்கள். விலங்கியல். அதில் நத்தை. வயலில் மருந்து அடிக்கிறோம் இல்லையா, அப்போது நத்தை முதலில் சாகிறதா அதன் முட்டை முதலில் சாகிறதா, செத்தால் அடுத்த போகத்தில் என்ன ஆகிறது, இதைத்தான் நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணப் போகிறாளாம். எங்கள் வீட்டுப் பாத்ரூமில் இரண்டு பிளாஸ்டிக் பேசின் நிறைய நத்தை. குளிக்கும்போது நம்மையே பார்க்கும். அப்பா ரைஸ் மில்லில் எடை போடுகிறவர். ‘மனுசனுக்குப் படிச்சவனே சும்மா சுத்தறான், நத்தைக்குப் படிக்க எவன்டி பணம் குடுப்பான்’ என்பார். அவள் அவரையும் உட்கார வைத்து அரை மணி நேரம் நத்தையைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் அப்பா மில்லிலிருந்து வரும்போது, வழியில் ஒரு நத்தையைப் பார்த்தேன் என்று துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அப்படிப் பேசுவாள்.

ஆனால் பேச விட வேண்டுமே. அவளுடைய கைடு மேடம் சொன்னதை அக்கா எங்களிடம் அப்படியே பேசிக் காட்டினாள். ‘எட்டுக்கு மேல இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க பவதாரணி. ஏழுன்னா நீ வாயத் தொறந்துதான் ஜெயிக்கணும். வாயத் தொறக்க விடலாமா வேணாமான்னு பாக்கறதுக்குத்தான் பர்சன்டேஜ்.’ காலேஜ் கொடுக்கிற உதவித்தொகை கோல்டு மெடல் வாங்கிய பெண்ணுக்குப் போய்விட்டது. டெல்லிக்காரர்கள் வைக்கிற பரீட்சையில் இரண்டு மார்க்கில் போச்சு. மிச்சம் இந்த ட்ரஸ்ட் ஒன்றுதான். மேடம் சேர்த்துக்கொள்ளத் தயார். பணம் இல்லாமல் நாலு வருஷம் வீட்டிலிருந்து ஓட்ட முடியாது, அது அவளுக்கும் தெரியும்.

அந்த ஏழு புள்ளி மூன்று இரண்டும் எப்படி வந்தது தெரியுமா? நாலு செமஸ்டர். மூன்றில் ஏழே முக்காலுக்குப் பக்கம். இரண்டாவதில் மட்டும் ஐந்து புள்ளி ஒன்பது. அந்த செமஸ்டர் நடக்கும்போதுதான் நான் பிளஸ் டூ. கணக்கில் அரையாண்டுப் பரீட்சையில் பதினோரு மார்க். தினமும் சாயங்காலம் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் என் எதிரில் வந்து உட்காருவாள். ‘டேய் தீனா, எந்திரிச்சு ஓடுன, நத்தையத் தூக்கி மேல விட்ருவேன்.’ மூன்று மாசம் அப்படி உட்கார்ந்தாள். எனக்கு நாற்பத்தொன்று வந்தது. அவளுக்கு ஐந்து புள்ளி ஒன்பது வந்தது. நான் பாஸ் என்று தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தாள். பிறகு நான், படிப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு சென்டரில் சேர்ந்துவிட்டேன்.

நான் உட்காரச் சொல்லவில்லை அண்ணே. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கேட்கவே இல்லை. அவளாகத்தான் உட்கார்ந்தாள்.

இது புலிவலமா? ஆமாம், புலிவலம்தான்.

அப்ளிகேஷன் போட வேண்டும் என்று அவள் ஃபைலை எடுத்த அன்றே அப்பா ஆரம்பித்தார். ‘இது வாழ்க்கப் பிரச்சன. திருச்சிக்குப் போயி நல்ல எடமாப் பாத்து போட்டுக்க. இவன் கணக்குல நாப்பத்தொண்ணு. இவன்கிட்டயா குடுக்கப் போற?’ நான் சோற்றில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன். அக்கா சொன்னாள், ‘ஊருக்கே இவன்தான்ப்பா போடறான். எனக்குப் போட மாட்டானா? இவன் ஒரு அப்ளிகேசன்ல தப்பு பண்ணி நான் பாத்ததே இல்ல.’

என்னை யாரும் அதற்கு முன்னால் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் ஸ்கேன் காப்பியெல்லாம் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். ‘சப்மிட் அடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணு. ஒரு தடவ படிச்சுக் காட்டு, போதும்.’ சரி என்றேன். எனக்குக் கோபம். தப்பே பண்ண மாட்டான் என்று அப்பாவிடம் சொன்னவள், என்னிடம் படித்துக் காட்டு என்கிறாளே. நம்புகிறாளா நம்பவில்லையா?

பெயர், பிறந்த தேதி, முகவரி, எல்லாம் போட்டேன். போன் நம்பர் என்னுடையதைப் போட்டேன். அது எங்கள் சென்டர் வழக்கம் அண்ணே. ஓ.டி.பி. வரும் இல்லையா, வாடிக்கையாளருக்குப் போன் பண்ணி நம்பர் கேட்டு, அவர் கண்ணாடி தேடி, அதற்குள் டைம் முடிந்து... அந்தத் தொல்லை வேண்டாம் என்று எல்லோருக்கும் எங்கள் நம்பரையே போட்டுவிடுவோம். அப்புறம் மார்க். அக்கா மார்க் ஷீட்டில் பர்சன்டேஜ் கிடையாது. ஏழு புள்ளி மூன்று இரண்டு என்று பாயின்ட்தான். அதை நாம் பர்சன்டேஜாக மாற்றிப் போட வேண்டும்.

எங்கள் சென்டருக்கு வருகிறவர்களில் பாதி இன்ஜினியரிங் பையன்கள். அவர்கள் காலேஜ் கணக்கு என்னவென்றால், பாயின்டிலிருந்து அரையைக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்க வேண்டும். தினமும் இருபது பேருக்கு அதையே போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது. ஏழு புள்ளி மூன்று இரண்டில் அரை போனால் ஆறு புள்ளி எட்டு இரண்டு. பெருக்கல் பத்து. அறுபத்தெட்டு புள்ளி இரண்டு. கால்குலேட்டர்கூட எடுக்கவில்லை. அந்தக் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘உங்கள் கல்லூரியின் விதிப்படி’ என்று போட்டிருந்தான். படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாக் காலேஜும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

அக்கா காலேஜில் அரையெல்லாம் கழிப்பது கிடையாது. நேராகப் பெருக்கல் பத்து. எழுபத்து மூன்று புள்ளி இரண்டு. மார்க் ஷீட்டின் பின்பக்கம் தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். இதோ பாருங்கள், இங்கே, கடைசி வரி. நாங்கள் முன்பக்கம் மட்டும்தான் ஸ்கேன் எடுப்போம். இரண்டு பக்கமும் எடுத்தால் ஃபைல் பெரிசாகிவிடும், அப்லோடு ஆகாது. அதனால் நான் இதைத் திருப்பவே இல்லை.

எழுபதுக்கு மேல் இருந்தால் கூப்பிடுவான் என்று என்னிடம் அவளே சொல்லியிருக்கிறாள், இல்லையா? அறுபத்தெட்டு என்று போடும்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா என்று கேட்கிறீர்கள். தோன்றியது. எழுபது இல்லையே, அப்புறம் எதற்கு இவ்வளவு ஆசை என்று தோன்றியது. அவளுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். நாற்பத்தொன்று வாங்கின நான். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்டால், ‘பெருக்கல் பத்துடா லூசு’ என்பாள். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. சப்மிட் அடித்துவிட்டேன்.

இன்டர்வியூ லிஸ்ட் வந்தது. அவள் நம்பர் இல்லை. யாருக்கு எத்தனை பர்சன்ட் என்றெல்லாம் போடவில்லை, வெறும் நம்பர்கள்தான். அக்கா அழவில்லை. பாத்ரூமுக்குப் போய் நத்தைகளுக்கு முட்டைக்கோஸ் இலை போட்டுவிட்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நீ சரியாத்தான்டா போட்ட. எழுபதுன்னு சொன்னாலும் மேல இருந்துதான எடுப்பாங்க. என் மார்க்தான் பத்தல’ என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். ‘நீயாவது ஒரு தொழில் கத்துக்கிட்ட’ என்றார். அக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்து சாப்பிட்டாள்.

பொய் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் இருந்தது. முட்டையைச் சாப்பிட்டேன்.

அப்போது எனக்குத் தெரியாது அண்ணே! சத்தியமாகத் தெரியாது. மறுநாள் மத்தியானம்தான் தெரியும். சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். போன் வந்தது. ட்ரஸ்ட் ஆபீசிலிருந்து லாரன்ஸ் என்று ஒருத்தர். பொறுமையான ஆள். ‘மார்க் ஷீட்ல ஏழு புள்ளி மூணு ரெண்டு இருக்கு. உங்க காலேஜுக்கு பெருக்கல் பத்துதானே? எதுக்கு அறுபத்தெட்டு போட்டீங்க? இந்த மாதிரி ஏழெட்டு பேர் போட்டிருக்காங்க. திருத்தறதுக்கு டைம் குடுத்திருக்கோம்’ என்றார். விண்ணப்பித்தவர் ஒரிஜினலோடு நேரில் வந்து, லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் இன்று. ஐந்து மணி. திருத்திவிட்டால் இன்டர்வியூவுக்குப் பெயர் சேர்ப்பார்கள். இன்னொன்றும் சொன்னார். அதை அப்புறம் சொல்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். அப்பா மில்லுக்குப் போகட்டும் என்று இருந்தேன். போனார். அக்கா தூங்கி எழட்டும் என்று இருந்தேன். எழுந்தாள். எழுந்து, தனியார் ஸ்கூல் விளம்பரத்தைப் பேப்பரில் வெட்டிக்கொண்டிருந்தாள். ‘நத்தையெல்லாம் ஏரில விட்டுறலாமாடா?’ என்று என்னிடம் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘உன் இஷ்டம்’ என்றேன். அடுத்த நாள் ஒரு பேசினைக் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூடுகிறது பாருங்கள். முதல் நாள் சொன்னால் தப்பு மட்டும்தான். இரண்டாவது நாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். ஒன்பதாவது நாள் என்ன கேட்பாள்? எதுவும் கேட்க மாட்டாள் அண்ணே. அதுதான். அவள் கத்துகிற ஆளாக இருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். அப்பாவைப் பார்த்து ‘விடுங்கப்பா’ என்பாள். இவன் தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்லை என்று சொன்னவள்.

திரும்பவும் போன். இருங்கள், கட் பண்ணிவிடுகிறேன்.

அந்த ஸ்கூலில் சேர்ந்தால் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருட்டு இல்லை, காப்பாற்றினேன். நானே போய் லாரன்ஸ் சார் காலில் விழுந்து, தப்பு என்னுடையது, திருத்திக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அக்கா கையெழுத்து எனக்கு வரும். ஸ்கூலில் என் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தே போட்டிருக்கிறேன்.

என்ன? ஆள் நேரில் வர வேண்டும் என்று சொன்னாரே, அப்புறம் நீ எதற்குப் போகிறாய் என்கிறீர்களா? முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்களா? ஆமாம். ஆதார் கொண்டுவரச் சொன்னார். ஆமாம், என்னால் ஆகாது. துறையூரில் பஸ் ஏறும்போதே தெரியும்.

திருவெள்ளறை தாண்டிவிட்டதா?

நீங்கள் சொல்வது சரிதான். மணி பன்னிரண்டரை. அவள் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மூன்றுக்கெல்லாம் திருச்சி சத்திரம் வந்துவிடுவாள். நான் ஃபைலோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கலாம். ஆபீஸ் அங்கிருந்து நடந்துபோகிற தூரம். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அப்ளிகேஷன் போடுகிறவன் நான், இந்தக் கணக்கு எனக்கு வராதா? ஒரு போன்தான். ‘அக்கா, ஆதாரை எடுத்துக்கிட்டு பஸ் ஏறு, வந்து சொல்றேன்’ என்றால் போதும். ஏன் எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டாள், ஏறிவிடுவாள்.

நீங்களே பேசுகிறேன் என்கிறீர்கள். வேண்டாம் அண்ணே.

அந்த லாரன்ஸ் சார் சொன்ன இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். எடுத்தவுடனே ‘பவதாரணிங்களா?’ என்றார். ‘அவங்க தம்பி சார்’ என்றேன். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, ‘தம்பி, போனை அக்காகிட்ட குடுப்பா, நான் ஒரு வார்த்த சொல்லிடறேன்’ என்றார். அவ்வளவுதான். போனைக் கொடு. கொடுத்திருந்தால் நான் வாயே திறக்க வேண்டாம். அவரே சொல்லியிருப்பார். அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள், எனக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டு. இங்கிருந்து அந்த டிரைவர் சீட் இருக்கிறதே, அவ்வளவு தூரம்கூட இல்லை. மிக்சி ஓடுகிற சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தம் நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரம் எனக்கு. ‘அக்கா வீட்ல இல்ல சார், நான் சொல்லிடறேன்’ என்றேன். மிக்சி நின்றது. ‘யார்ரா போன்ல?’ என்றாள். ‘கம்பெனிக்காரன்’ என்றேன்.

ஆமாம் அண்ணே. காலையிலிருந்து அடிப்பதும் கம்பெனிக்காரன் இல்லை. பீரோவைப் பார்த்திருப்பாள்.

இதோ, திரும்ப அடிக்கிறது. பாருங்கள், ‘பவாக்கா’ என்று வருகிறது. போட்டோவில் கையில் நத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள், நான்தான் எடுத்தேன். எடு, எடு என்கிறீர்கள். கேட்கிறது. கையை விடுங்கள் அண்ணே, மிக்சி விழுந்துவிடும். எடுக்கிறேன். நானே எடுக்கிறேன். கண்டக்டர் டோல்கேட் என்று கத்துகிறார், இந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்காது. இந்தச் சத்தம் ஓயட்டும்.

ஓய்ந்துவிட்டது.

போனும் நின்றுவிட்டது.